எட்டு நாள் கணக்கு

சாயம் ஏறி, காம்பேக்டிங் முடிந்து, துணி எங்கள் கட்டிங் மேசைக்கு வந்து சேர 15 நாள் ஆகும். வாரம் நன்றாக அமைந்தால் 12. மழைக்காலத்தில் 20ஐத் தாண்டியதும் உண்டு. இதெல்லாம் தெரிந்தும், பெரிய விலை கொடுத்து வாங்கிய திட்டமிடல் மென்பொருளில், சாயத்துக்கு எத்தனை நாள் என்று கேட்ட கட்டத்தில் 8 என்று எழுதினேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் பிளானிங் பொறுப்பில் இருப்பவன் நான். அந்த மென்பொருளைத் தேடியது, தேர்ந்தது, ஓட்டியது எல்லாம் என் தலைமையில்தான். அது சொதப்பியபோது காரணம் சொல்லும் வேலையும் என்னிடமே வந்தது. நான் சொன்ன காரணங்களில் இந்த 8 இல்லை.

அதற்கு முன் எங்கள் பிளானிங் முழுவதும் எக்ஸெல் கோப்புகளிலும், ஃபேப்ரிக் இன்சார்ஜ் அண்ணன் சட்டைப்பையில் வைத்திருந்த சின்ன நோட்டிலும் இருந்தது. பையரிடமிருந்து ஆர்டர் வந்ததும் நூல் வாங்கி, நிட்டிங் விட்டு, சாயப்பட்டறைக்கு அனுப்பி, வந்த துணியை வெட்டி, பிரிண்டிங் இருந்தால் வெளியே கொடுத்து வாங்கி, பவர் டேபிளில் தைத்து, செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடித்துத் தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் ஏற்ற வேண்டும். இதில் பாதி ஜாப் ஒர்க்காக வெளியே நடப்பது. எந்த லாட் எந்தப் பட்டறையில் எந்த நிலையில் நிற்கிறது என்பது போன் போட்டால்தான் தெரியும். அதனால் மென்பொருள் தேவைதான்; அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

மூன்று பேர் வந்து டெமோ காட்டினார்கள். முதலில் வந்தவர்கள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்ன நிறுவனம். கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே ஒரு பையன் கேட்டான்: "சார், உங்க டையிங் லீட் டைம் எங்கிருந்து எடுக்கறீங்க? சராசரியா, இல்ல மோசமான வாரத்துக் கணக்கா? போன வருஷத்து டெலிவரி சலான் எல்லாம் பார்க்கலாங்களா?" எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. விற்க வந்தவன் நம் அழுக்குத் துணியைக் கேட்கிறானே என்றிருந்தது. சலான்களைத் தேடி எடுத்தால் என்ன தெரியவரும் என்று எனக்கே தெரியும் என்பதுதான் உண்மையான காரணம். கணக்காக வைத்திருக்கிறோம் என்று முதலாளியிடம் சொல்லிவந்த பல விஷயங்களை நாங்கள் கணக்காக வைத்திருக்கவில்லை.

கடைசியாக வந்தவர்கள் வெளிநாட்டு மென்பொருளின் இந்திய முகவர்கள். அவர்கள் எதையும் கேட்கவில்லை. பெரிய திரையில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் மாதிரித் தரவு ஓடியது. எந்த ஊரில் எத்தனை பாக்கெட் விற்கும் என்று அது முன்கூட்டியே சொன்னது, சரக்கு குறையும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. முதலாளி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நானும்தான்.

நாங்கள் பிஸ்கட் விற்கவில்லை. பையர் ஆர்டர் கொடுத்த பிறகுதான் துணியே ஓட்டுகிறோம். அடுத்த மாதம் எத்தனை டி-சர்ட் விற்கும் என்று கணிக்க வேண்டியவன் ஹாம்பர்க்கிலோ லண்டனிலோ உட்கார்ந்திருக்கும் பையர். எங்கள் கேள்வி வேறு: ஒப்புக்கொண்ட தேதிக்கு இந்தத் துணி எந்த வரிசையில், யாருடைய மெஷினில் ஓட வேண்டும்? கையில் காலி இடம் இல்லாதபோது எந்த ஆர்டரை வேண்டாமென்று சொல்ல வேண்டும்? விற்பனையைக் கணிக்கும் பகுதிக்கு விலையில் பெரும்பங்கு போனது. வாங்கிய நாள் முதல் இன்றுவரை அதை யாரும் உருப்படியாகத் திறந்ததில்லை. அது நமக்கு ஆகாது என்று டெமோ நடந்த அறையிலேயே எனக்கு உறைத்தது. சொன்னால் பழைய ஆள் என்று நினைப்பார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

தேர்வு நேர்மையாக நடந்ததாகக் காட்ட மதிப்பெண் பட்டியல் ஒன்று போட்டேன். எந்த அம்சத்துக்கு எவ்வளவு என்று டெமோவுக்கு முன்பே எழுதிவைப்பதுதான் முறை. நான் டெமோக்கள் முடிந்த பிறகு எழுதினேன். 'உலகளாவிய அனுபவம்' என்று ஒரு வரிசையைச் சேர்த்தேன். கோயம்புத்தூர்க்காரர்கள் முன்னால் நின்ற 'ஜாப் ஒர்க் கண்காணிப்பு' வரிசையின் எடையைக் குறைத்தேன். கூட்டிப் பார்த்தால் ஜெயிக்க வேண்டியவர் ஜெயித்தார். மார்ச் 31க்குள் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்றார்கள், போட்டோம்.

இனி அந்த 8. பருத்தித் துணி மெஷினுக்குள் இருப்பது சில மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் காத்திருப்பு. லேப் டிப் என்னும் சாய மாதிரிக்கு பையர் ஓகே சொல்ல வேண்டும். முறை வர வேண்டும். ஷேடு தட்டினால் மறுபடி சாயம். அப்புறம் காம்பேக்டிங்கில் இன்னொரு வரிசை. சாயப்பட்டறைக்காரர் நினைத்தாலும் இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே திரும்ப ஓடின. அன்றிலிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு பட்டறைக்கு எவ்வளவு தண்ணீர் ஒதுக்கீடோ அவ்வளவுக்குத்தான் அங்கே சாயம் ஓடும். எத்தனை மெஷின் நிற்கிறது என்பது இரண்டாம்பட்சம். பதினைந்து நாள் என்பது அந்த வரிசையின் நீளம்.

மென்பொருளுக்கு இது புரியாது. ஜோசப் ஆர்லிக்கி 1975இல் புத்தகமாகவே எழுதிவைத்த எம்.ஆர்.பி. என்னும் மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் முறையில் லீட் டைம் என்பது நாம் கொடுக்கும் ஒரு நிலையான எண். மெஷினில் இடம் இருக்கிறதா என்று அது கேட்காது. பின்னால் வந்தவை கேட்கும். ஆனால் பெரும்பாலும் நம் கூரைக்குக் கீழே இருக்கும் மெஷினைப் பற்றித்தான். ஜாப் ஒர்க் பட்டறையில் நமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. அதனால்தான் அந்த எண்ணை ஒழுங்காகக் கொடுக்க வேண்டியிருந்தது.

நான் முதலில் 15 என்றுதான் போட்டேன். முதலாளிக்குக் காட்டிய அன்று, அவர் பெரிதாக எதிர்பார்த்திருந்த ஒரு பையரின் ஆர்டர் முழுக்கச் சிவப்பாக வந்தது. "டையிங்குக்கு எத்தனை நாள் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "பதினஞ்சு நாள்னா இந்த ஆர்டர் நம்மகிட்ட எப்படிங்க நிக்கும்?" என்றார். அவ்வளவுதான். பொய் எழுதச் சொல்லவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. நானாகத்தான் கட்டத்துக்குப் போய் மாற்றினேன். 10 போட்டேன், மஞ்சள் வந்தது. 8 போட்டேன், பச்சை வந்தது.

பக்கத்தில் நின்ற ஃபேப்ரிக் இன்சார்ஜ் அண்ணன் வெளியே வந்ததும் சொன்னார்: "தம்பி, பொட்டி ஒத்துக்கிச்சு. சாயப்பட்டறைக்காரன் ஒத்துக்கோணுமில்லீங்?" நான் சிரித்து மழுப்பினேன்.

ஆயுத பூஜையன்று சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து கோ லைவ். நாள் நல்ல நாள்தான், காலம் தப்பு. அடுத்த சில வாரங்களில் தீபாவளி. போனஸ் வாங்கிக்கொண்டு தென்மாவட்டத்துக்கும் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போகிற ஆட்கள் திரும்பி வருவதற்குள் பவர் டேபிள்கள் பாதி காலியாகக் கிடக்கும். மென்பொருளின் காலண்டரில் தீபாவளிக்கு 3 நாள் லீவு போட்டிருந்தேன். வேடிக்கை என்னவென்றால், என் பவர்பாயின்ட் விளக்கத்தில் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனியின் கதைக்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தேன். 1999 ஜூலையில் ஏறக்குறைய 11 கோடி டாலர் செலவில் மூன்று மென்பொருள்களை ஒரே மூச்சில் ஓடவிட்டு, ஹாலோவீன் சீசனில் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் நின்ற நிறுவனம் அது. சீசன் தலைமேல் இருக்கும்போது கோ லைவ் வைக்காதீர்கள் என்று அந்தப் பக்கத்தின் அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணும் மென்பொருள், சாயத்துக்கு 8 நாள் போதும் என்று நம்பி, நூல் வாங்கும் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்தது. அந்த ஒரு வாரத்தில் மாதம் பிறந்து மில்கள் புது விலை அறிவித்தன. துணி வழக்கம்போல் 15 நாளில் வந்தது. கட்டிங் மேசை சும்மா கிடந்தது. துணி வந்ததும் இரவு ஷிப்ட், ஓவர்டைம். அந்தப் பெரிய பையரின் முதல் ஆர்டரில் ஒரு பகுதி கப்பலைத் தவறவிட்டு எங்கள் செலவில் விமானத்தில் போனது. லாபம் அந்தச் சரக்கோடு பறந்துவிட்டது.

என் கீழிருந்த பிளானிங் பையன்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மென்பொருள் போடும் பிளானை எக்ஸெலுக்கு இறக்கி, 15 நாள் கணக்கில் திருத்தி, அதை வைத்து வேலை பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் திரையில் பச்சை வருகிற மாதிரி தேதிகளை ஏற்றிவிடுவார்கள். எனக்குத் தெரியவந்தபோது நிறுத்தச் சொல்லவில்லை. முதலாளியின் அறையில் மாட்டியிருந்த திரையும் அதே தரவில்தான் ஓடியது. மாதாமாதம் 'பயன்பாடு முழுமை' என்று ரிப்போர்ட் கொடுத்தேன். அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனமான டார்கெட் கனடாவில் 2013இல் கடை திறந்து, 133 கடைகளையும் 2015இல் மூடிவிட்டு வெளியேறிய கதையைப் பின்னால் படித்தேன். அவசரத்தில் தப்பும் தவறுமாக ஏற்றிய தரவுதான் அங்கே பெரிய வினை. தங்கள் பிரிவில் சரக்குத் தீர்ந்ததாகக் காட்டக் கூடாது என்பதற்காகச் சிலர் தானாக நிரப்பும் வசதியையே அணைத்து வைத்திருந்தார்களாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏர் பில் வந்ததும் கூட்டம் கூடியது. துணி ஏன் லேட் என்று முதலாளி கேட்டார். திரையில் சாயத்துக்கு 8 நாள். துணி வந்தது 15 நாளில். இடைப்பட்ட 7 நாளுக்கு யார் பொறுப்பு என்றால், திரையைப் பார்த்தவர் எவரும் ஃபேப்ரிக் இன்சார்ஜைத்தான் கைகாட்டுவார். கைகாட்டினார்கள். "ஃபாலோ-அப் பத்தாதுங்க" என்று யாரோ சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணைப் போட்டது நான் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும், சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்குள் அவர் வேலையை விட்டுவிட்டார். அவிநாசிப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. நோட்டையும் கொண்டுபோய்விட்டார். எந்தப் பட்டறைக்கு எந்தக் கலர் ஒத்துவரும், யார் சொன்ன தேதிக்கு எத்தனை நாள் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. மென்பொருளில் ஏற்றியிருக்க வேண்டிய முதல் தரவு அது. ஏற்ற வேண்டும் என்று நான் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை.

இப்போது அந்தக் கட்டத்தில் 16 இருக்கிறது. ஆரவாரமில்லாமல், ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினேன். பட்டறைவாரியாக, கலர்வாரியாகத் தனித்தனி நாள் கொடுக்கும் வசதியும் அதிலேயே இருந்திருக்கிறது. தேடிக் கண்டுபிடித்து அதையும் சரிசெய்து வருகிறோம். பொய் குறைந்ததும் மென்பொருள் முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது. சில ஆர்டர்களை வேண்டாமென்று சொல்லத் தொடங்கியிருக்கிறோம். முதலாளி முனகுகிறார், ஆனால் ஒத்துக்கொள்கிறார். அன்றைக்கும் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார்.

மென்பொருளின் ஏ.எம்.சி.யை, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தை, இந்த வருடத்துக்குப் புதுப்பிக்கும் தாள் போன வாரம் என் மேசைக்கு வந்தது. விற்பனை கணிக்கும் பகுதியை நீக்கிவிடலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில், 'பையர்களின் ஆர்டர் முறை மாறியதால் தேவை குறைந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். முறை எதுவும் மாறவில்லை.