மாற்றான் கொடியின் கீழ் ஒரு வெற்றி

சர்வதேச விளையாட்டு விழாக்களிலே வெற்றி பெற்றவனுக்கு மூன்று சிறப்புகள் செய்யப்படுகின்றன. அவனது பெயர் அறிவிக்கப்படுகிறது. அவனது நாட்டின் கொடி ஏற்றப்படுகிறது. அவனது நாட்டின் கீதம் இசைக்கப்படுகிறது. இம்மூன்றும் அவனுடையனவாக இல்லாதவிடத்து அவ்வெற்றி யாருக்குரியது? ஆசியாவின் விளையாட்டு வரலாற்றில் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியவர் கொரியரான சோன் கீ-சுங்.

1910 முதல் 1945 வரை கொரியா யப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆதலால் 1936ஆம் ஆண்டு பேர்ளின் ஒலிம்பிக்கில் ஓட விரும்பிய கொரிய இளைஞனுக்கு யப்பானிய அணியில் இடம்பெறுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. முந்திய ஆண்டிலேயே மரதன் தூரத்தை 2 மணி 26 நிமிடம் 42 செக்கனில் ஓடி உலகை வியக்கவைத்திருந்த சோன், 'கிடெய் சோன்' என்ற யப்பானிய உச்சரிப்பிலேயே பதிவு செய்யப்பட்டார்.

ஆகஸ்ட் 9ஆம் திகதி போட்டி நடைபெற்றது. 1932ஆம் ஆண்டின் வெற்றியாளரான ஆர்ஜென்ரீனாவின் சபாலா தொடக்கத்தில் வெகுதூரம் முன்னே சென்றார். அவரைத் துரத்திப் பிடிக்க முயலவேண்டாம் என்று சோனுக்குக் குறிப்பால் உணர்த்தியவர், அருகே ஓடிய பிரித்தானியரான எர்னஸ்ட் ஹார்ப்பர். சோன் அதற்குச் செவிசாய்த்தார். சபாலா களைத்துப் பின்தங்கினார். 2 மணி 29 நிமிடம் 19.2 செக்கனில் சோன் முதலாவதாக வந்தார். ஹார்ப்பர் இரண்டாவதாகவும், மற்றொரு கொரியரான நாம் சுங்-யோங் மூன்றாவதாகவும் வந்தனர். தம்மை வெல்லக்கூடியவருக்கே நல்வழி கூறிய ஹார்ப்பரின் பண்பு, கொடிகளின் கணக்கில் அடங்குவதன்று.

பரிசு மேடையில் யப்பானியக் கீதம் ஒலித்தபோது கொரியர் இருவரும் தலைகுனிந்து நின்றனர். வெற்றியாளருக்கு வழங்கப்பட்ட ஓக் மரக்கன்றினால் சோன் தமது மார்பிலிருந்த சூரியச் சின்னத்தை மறைத்துக்கொண்டார். சோனுக்குக் கிடைத்த தங்கப் பதக்கத்தைக் காட்டிலும், சின்னத்தை மறைக்க உதவிய அம்மரக்கன்றையே தாம் விரும்பியதாக நாம் பிற்காலத்திற் கூறினார். சில நாட்களின் பின், டொங்-ஆ இல்போ என்னும் கொரியப் பத்திரிகை, சோனின் புகைப்படத்தில் அச்சின்னத்தை அழித்துவிட்டு வெளியிட்டது. பத்திரிகையாளர்கள் கைது செய்யப்பட்டனர். பத்திரிகையும் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் முடக்கப்பட்டது.

சோன் மீண்டும் ஒலிம்பிக்கில் ஓடவில்லை. எனினும் பிறரை ஓடவைத்தார். அவரிடம் பயிற்சி பெற்ற சு யுன்-பொக் 1947இல் பொஸ்ரன் மரதனில் முதலிடம் பெற்றார். 1950இல் அதே போட்டியின் முதல் மூன்று இடங்களும் கொரியருக்கே கிடைத்தன. 1988இல் சியோல் ஒலிம்பிக் அரங்கினுள் சுடரை ஏந்தி ஓடியபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. 1992 ஆகஸ்ட் 9ஆம் திகதி பார்சிலோனாவில் ஹுவாங் யங்-சோ, யப்பானிய வீரர் மொரிஷிற்றாவை இரண்டாமிடத்திற்குத் தள்ளி மரதனை வென்றதையும் அவர் நேரிற் கண்டார். 2002இல் அவர் காலமானார்.

ஒலிம்பிக் பதிவேட்டில் அவரது வெற்றி இன்றும் யப்பானின் கணக்கிலேயே உள்ளது. அதனைத் திருத்துவதே நீதி என்பர் சிலர். அன்றைய அடிமைத்தனத்துக்குச் சான்றாக அது அவ்வாறே இருக்கட்டும் என்று வாதிடவும் இடமுண்டு. ஆயினும் இவ்விரு வாதங்களும் கொடியை மாற்றுவதோடு நின்றுவிடுகின்றன. சோன் பிறந்த ஊராகிய சினுயிஜு, நாடு பிளவுபட்டபின் வட கொரியாவிற்குள் அடங்கிவிட்டது. 1988இல் அவர் பெருமிதத்தோடு ஓடிய அரங்கிற் பறந்த கொடிகூட அவர் பிறந்த மண்ணின்மீது பறக்கவில்லை. எந்தக் கொடியும் இம்மனிதரை முழுமையாகத் தன்னுள் அடக்கவில்லை.

நாடுகள் தம் வீரரைக் கொண்டாடுவது இயல்பே. ஆனால் பதக்கங்களை எண்ணும் ஆரவாரத்தில், நாற்பத்திரண்டு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்தைத் தன் கால்களாலேயே கடந்த மனிதன் மறக்கப்படலாகாது. அரசுகள் அவனுக்குப் பெயரையும் கொடியையும் சூட்டலாம். அவனுக்காக ஓர் அடியேனும் ஓட அவற்றால் இயலாது.