பேக்கப் எடுத்தாச்சு, ரீஸ்டோர் ஆகுமா?

மக்களே, ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரலை. இது மொக்கைப் பதிவு இல்லை, எங்க சித்தி பொண்ணு விஷயம். அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

வயசு 23. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. கீமோ ஆரம்பிக்க ஒரு வாரம்தான் இருந்தது. மருந்து கருமுட்டைகளையும் அழிச்சுடலாம்னு டாக்டர் சொன்னார். முட்டையை வளர வெச்சு எடுக்க ரெண்டு வாரம் ஆகுமாம். அதுக்கு நேரமில்லை. அதனால லேப்ராஸ்கோப்பி மூலம் சினைப்பையிலிருந்தே துண்டு எடுத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறைய வைக்கலாம் என்றார்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு வயித்துல கத்தியா?"ன்னு சித்திக்கு பயம். எனக்கு வேற கவலை. ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப்பை எங்க ஆபீஸ்ல யாரும் நம்ப மாட்டோம். "உருக்கினா உயிரோட இருக்குமா, எப்படி டாக்டர் தெரியும்?" என்று கேட்டேன்.

ஒரு சின்னத் துண்டை உருக்கி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். உயிருள்ள செல் பச்சையாக ஒளிரும், செத்தது சிவப்பாக. ஆனால் சோதித்த துண்டைத் திரும்ப உடம்பில் வைக்க முடியாது. முட்டைகளும் சினைப்பையில் சீராகப் பரவியிருக்காது, பக்கத்துத் துண்டில் எத்தனை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தவிர, உறைய வைப்பதில் சாவதைவிட, திரும்ப வைத்தபின் புது ரத்தக்குழாய் வந்து சேரும்வரை ஆக்ஸிஜன் இல்லாமல் சாகும் முட்டைகள்தான் அதிகம். லேபில் அது தெரியவே தெரியாது. டெஸ்ட் பண்ண டேட்டாவையே செலவழிக்கணும், நிஜ டெஸ்ட் நேரா ப்ரொடக்‌ஷன்ல!

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். பெல்ஜியத்தில் இதே நோய் வந்த பெண்ணுக்கு 1997ல் எடுத்த துண்டுகளை, டாக்டர் ழாக் டோனே குழு 2003ல் திரும்ப வைத்திருக்கிறது. 2004ல் பெண் குழந்தை. துபாய்ப் பெண் ஒருவருக்கு 9 வயதில் பிரிட்டனில் எடுத்து வைத்தது. 2016ல் லண்டனில் மகன் பிறந்தான். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2019ல் இதற்கிருந்த 'பரிசோதனை முறை' முத்திரையை நீக்கிவிட்டது.

இதையெல்லாம் அவகிட்ட ஒப்பிச்சேன். "எத்தனை துண்டு வரும்ணா?" "பத்து பன்னெண்டு." "ஒண்ணை அவங்க பார்க்கட்டும், மிச்சம் எனக்கு"ன்னு சொல்லி ஃபாரத்துல கையெழுத்து போட்டுட்டா. சித்தி அப்புறம் பேசவே இல்லை.

சோதித்த துண்டில் பெரும்பாலும் பச்சைதான். இப்போ நாலாவது கீமோ. முடி போச்சு, வாய் குறையலை. நைட்ரஜன் தொட்டிக்கு வருஷ வாடகை கட்டறது என் பொறுப்பு. ரிமைண்டர் போட்டு வெச்சிருக்கேன், பத்து வருஷத்துக்கு.