திண்ணையில் பிரித்த புல்லட் இன்ஜின்

பொம்மிடி சுற்றுவட்டாரத்தில், மாட்டுக் கொட்டகை மூலையில் உரச்சாக்கு போர்த்தி நிற்கும் பழைய புல்லட்டுகள் இன்னும் சில வீடுகளில் உண்டு. ஓட்டிய பெரியவர் காலமான பிறகு, கிக்கரை மிதிக்க ஆள் இல்லாமல் நின்றுபோனவை. பழைய இரும்பு வியாபாரி தெருவுக்கு வரும்போதெல்லாம், ‘எடைக்குப் போடுறீங்களா?’ என்று கேட்டுவிட்டுப் போவார்.

அப்படிப்பட்ட ஒரு வண்டியைத்தான், சேர்வராயன் மலையடிவாரத்தில் இரண்டரை ஏக்கரில் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் வைக்கும் ஒரு விவசாயி, கோடையில் வீட்டுத் திண்ணையிலேயே பிரித்து மீண்டும் ஓட வைத்தார். 1980-களில் அவருடைய அப்பா வாங்கிய 350 சி.சி. புல்லட் அது. பதினோரு வருடம் ஓடாமல் நின்றது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் மகன், ஊருக்கு வரும்போதெல்லாம், ‘‘வித்துடலாம்பா, இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது’’ என்பான். மறுத்துச் சொல்ல அவரிடம் காரணம் இல்லை. மஞ்சள் விற்ற பணத்தில் போர்வெல் மோட்டார் கடன் வேறு கட்ட வேண்டியிருந்தது. ‘‘ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துடுறேன். உள்ள ஒண்ணும் தேறலைன்னா நீயே வித்துடு’’ என்று சொல்லி வேலையை ஆரம்பித்தார்.

இங்கிலாந்து இன்ஜின், திருவொற்றியூர் வண்டி

புல்லட், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் வண்டி. 1955-ல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, சென்னை திருவொற்றியூரில் தயாரிப்பை ஆரம்பித்தன. 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனியே மூடப்பட்டது. ஆனால், அதே அடிப்படை வடிவமைப்பில், வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட இன்ஜின் நம் மாநிலத்தில் அதன் பிறகும் சுமார் 40 வருடம் தயாரானது. அதனால்தான் பிஸ்டனில் இருந்து பேக்கிங் வரை இன்றைக்கும் உதிரி பாகங்கள் கிடைக்கின்றன.

இந்த இன்ஜின் பிரித்து வேலை பார்ப்பதற்கு ஏற்றது. ஒரே சிலிண்டர். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. கியர் பாக்ஸ் தனிப் பெட்டியாக இருக்கும். மின் மோட்டார் வருவதற்கு முன் கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தவர்களுக்கு இதன் உள்பாகங்கள் புதிதல்ல. ரிங், வால்வு, புஷ் ராடு, ராக்கர் எல்லாம் அதிலும் உண்டு. இந்த விவசாயியும் சிறு வயதில் 5 ஹெச்.பி. ஆயில் இன்ஜினுக்கு ரிங் மாற்றும்போது அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர்தான்.

பிரிப்பதற்கு முன்

முதல் வேலையாக ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்தார். கிராங்க் கேஸில் பொறித்திருக்கும் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் அதில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். இது பொருந்தாவிட்டால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் வண்டி ரோட்டுக்கு வர முடியாது.

அடுத்தது ஸ்பேனர். அந்தக் காலத்து புல்லட்டில் பல நட்டுகள் இங்கிலீஷ் அளவு. கையில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பொம்மிடியில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் இங்கிலீஷ் அளவு செட்டை இரவல் வாங்கினார். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது மகன் செல்போனில் போட்டோ எடுத்தான். போல்ட், வாஷர்களைக் கழற்றிய வரிசையில் முட்டை அட்டைக் குழிகளில் போட்டு, பக்கத்தில் எழுதி வைத்தார்கள். டைமிங் கியர்களில் உள்ள புள்ளி அடையாளங்களையும் போட்டோ எடுத்தார்கள். திருப்பி மாட்டும்போது அவை நேருக்கு நேர் பொருந்த வேண்டும்.

திண்ணை வேலையும் பட்டறை வேலையும்

ஹெட்டைக் கழற்றியதும், சிலிண்டரின் மேல் ஓரத்தில் விரல் நகத்தில் தட்டும் அளவுக்குத் தேய்மான விளிம்பு தெரிந்தது. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் லேசாக ஆடியது. ராடு பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை. மேலும் கீழும் ஆடினால் பிக் எண்ட் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டும் வீட்டில் செய்யும் வேலை அல்ல. கிராங்கை அழுத்தப் பிரித்து, புது புஷ் போட்டு, ஃப்ளைவீலை ஓட்டம் இல்லாமல் நேராக்க பிரஸ்ஸும் அளவுக் கருவியும் வேண்டும். கிராங்கையும் சிலிண்டரையும் சாக்கில் கட்டி, ரயிலில் சேலத்துக்குக் கொண்டுபோனார்.

பட்டறைக்காரர் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி வரவேண்டும். அதைக் கையில் வைத்து அளந்த பிறகுதான் போர் பண்ணுவேன் என்றார். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பி முதலில் போரைக் குடைந்துவிட்டால், பிஸ்டன் இறுக்கமாகவோ தளர்வாகவோ போய்விடும். பம்ப்செட் இன்ஜினுக்கும் இதே விதிதான்.

மற்றதெல்லாம் திண்ணையில் நடந்தது. கிராங்க் கேஸின் பின் அறைதான் ஆயில் டேங்க். அதில் தார் போலப் படிந்திருந்த கசடை டீசல் ஊற்றிக் கழுவவே இரண்டு நாள் ஆனது. வால்வுகளுக்கு முதலில் பருமனான பேஸ்ட், பிறகு நைஸ் பேஸ்ட் போட்டுக் கிரைண்டிங் செய்தார்கள். ஹெட்டின் துவாரத்தில் டீசலை ஊற்றி வைத்து, வால்வு வழியாகக் கசியாத வரைக்கும் விடவில்லை. புது ரிங்கை சிலிண்டருக்குள் நேராக இறக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்தார்கள். போர் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 4 தௌ என்பது பொதுவான கணக்கு. இதற்குச் சுமார் 11 தௌ வரும்.

வராத ஆயில்

எல்லாம் மாட்டியாகிவிட்டது. அன்றைக்கே ஸ்டார்ட் செய்துவிட அவருக்கு ஆசை. ‘‘இருப்பா, ஆயில் ஏறுதான்னு பார்த்துட்டு மிதிக்கலாம்’’ என்று மகன் தடுத்தான். புல்லட்டில் ஆயிலை அனுப்ப ஒரு பம்ப், திருப்பி எடுக்க ஒரு பம்ப் இருக்கின்றன. பிரித்து மாட்டிய பிறகு இரண்டிலும் காற்று புகுந்திருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி, மாறி மாறிக் கிக்கரை மிதித்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

டைமிங் கவரைத் திரும்பக் கழற்றினார்கள். கடையில் வாங்கிய பேக்கிங்கில், ஆயில் போகும் துளை முழுதாக வெட்டப்படாமல் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய குறை அல்ல, பிளேடால் வெட்டி எடுக்க ஒரு நிமிடம் போதும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால் புது பிஸ்டனும் புது புஷ்ஷும் சில நிமிடங்களில் பிடித்திருக்கும். மஞ்சள் பணத்தில் எடுத்த தொகை அத்தனையும் போயிருக்கும். மறுபடி மாட்டி மிதித்தபோது பைப்பில் ஆயில் கசிந்து வழிந்தது. பிளக்கைப் போட்டு, ஐந்தாவது மிதியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

என்ன லாபம்?

செலவு, இரும்பு வியாபாரி கேட்ட விலையைப் போல மூன்று மடங்கு. பணக் கணக்கில் இது லாபம் இல்லை. ஆனால், அதே மகன் அடுத்து வந்தபோது, ஒரு வருடமாக மூலையில் கிடந்த பவர் ஸ்பிரேயரைத் தானே பிரித்து, ரிங் மாற்றி, தக்காளிக்கு மருந்தடிக்கத் தயார் செய்து கொடுத்துவிட்டுப் போனான். புல்லட்டை விற்கும் பேச்சை இப்போது எடுப்பதில்லை. முதல் 500 கி.மீ. வரை 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று மெக்கானிக் சொன்னதால், பொம்மிடி சந்தைக்கு மட்டும் வண்டி போய் வருகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி நின்றால், கழுவுவது, வால்வு கிரைண்டிங், ரிங் பார்ப்பது, பேக்கிங் மாற்றுவது ஆகியவற்றை நீங்களே செய்யலாம். போர், கிராங்க் வேலைகளைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தபின் 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. காலமானவர் பெயரில் இருக்கும் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. பிஸ்டன் வாங்கப் போவதற்கு முன், ஆர்.சி. புத்தகத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுக்கொள்வது நல்லது.