ஆனையிறவில் கண்ட பூநாரைகள்

வடபகுதிக்குப் புகைவண்டியிற் செல்வோர் பரந்தன் கழிந்ததும் தம்மையறியாமலே யன்னற்பக்கம் சாய்வதைக் காணலாம். காடும் வயலும் பின்னே ஒதுங்க, இருமருங்கும் நீர்ப்பரப்பு விரிகின்றது. உப்புக்காற்று முகத்திற் படுகின்றது. வன்னிப் பெருநிலத்தையும் குடாநாட்டையும் இணைக்கும் ஆனையிறவு இதுவே. யானைகள் இவ்வாழமற்ற நீரைக் கடந்தமையால் இப்பெயர் வந்தது என்பர்.

2019 ஆம் ஆண்டு தை மாதத்தில், கொழும்புக் கோட்டையிலிருந்து 'யாழ்தேவி'யில் நாம் குடும்பத்தோடு புறப்பட்டோம்; எமது தாயாரும் உடன் வந்தார். 1956 இல் ஓடத் தொடங்கிய அவ்வண்டி, போர் காரணமாக 1990 இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்திற்று. பாதையிற் கிடந்த தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 ஒக்டோபரிலேதான் வண்டி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துள் நுழைந்தது.

வண்டி நிற்பதற்குச் சில மாதங்கள் முன்னர், 1990 இன் தொடக்கத்தில், இதே வழியில் நாம் பயணஞ் செய்திருந்தோம். அப்பொழுது எமக்கு வயது ஆறு. ஆனையிறவை வண்டி அண்மியபோது கரிப்புகை யன்னலால் உள்ளே வந்ததும், நீரில் நின்ற பூநாரைகள் வண்டியோசை கேட்டு ஒருசேர எழுந்ததும், வானம் செம்பட்டு விரித்தாற்போலத் தோன்றியதும் எம் நெஞ்சை விட்டு அகலாத காட்சிகள். வகுப்பில் மாணவர்க்கும் வீட்டில் பிள்ளைகட்கும் இதனைப் பன்முறை சொல்லி மகிழ்ந்திருக்கின்றோம்.

அன்றும் பரந்தன் தாண்டியதும் மகளை யன்னலோரம் இருத்தி அக்கதையைத் தொடங்கினோம். எதிரே இருந்த தாயார் வியப்போடு நோக்கினார்.

"என்ன தம்பி சொல்லுறாய்? நீ வவுனியாவிலை நித்திரையானனீ, கொடிகாமத்திலைதான் எழும்பினனீ. என்ரை மடியிலையெல்லோ கிடந்தனீ. அந்தப் பறவையளைக் கண்டது கொண்ணன்!"

நாம் திகைத்தோம். "அப்படியெண்டால் அந்தக் கரிப்புகை?" என வினவினோம்.

"அது உன்ரை பாட்டன்ரை காலத்துக் கதை. எங்களை இழுத்தது டீசல் எஞ்சின்" என்றார்.

அதன்பின் அவர் பேசவில்லை, நாமும் பேசவில்லை. எமக்கு நான்கு வயது மூத்த அண்ணா இன்று எம்மிடையே இல்லை. போர்க்காலத்தில் அவரை இழந்தோம். மின்சாரமற்ற அந்நாட்களில், ஜாம் போத்தல் விளக்கின் சிற்றொளியில், பாயிற் படுத்தபடி இரவுதோறும் அண்ணா இந்தப் பூநாரைக் கதையைச் சொல்லுவார். கேட்டுக் கேட்டு அவர் கண்ட காட்சி எம் கண்ணிற் குடியேறிவிட்டது போலும்!

இது எமக்கு மட்டும் நேர்ந்த விந்தையன்று. பிரித்தானிய உளவியலறிஞர் பிரெடெரிக் பாற்லற், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றைச் சிலருக்கு வாசிக்கக் கொடுத்து, நாட்கள் கழித்து அதனைத் திரும்ப எழுதச் செய்தார். அவர்களோ தமக்குப் பழக்கமில்லாதவற்றை நீக்கியும், பழகியவற்றை இடையிற் புகுத்தியும் எழுதினர். நினைவுகூர்தல் என்பது மீளக் கட்டுதலே என்று 1932 இல் வெளியான தமது நூலில் அவர் விளக்கினார். 2001 இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரட்டைப் பிள்ளைகளாய்ப் பிறந்தோர் பலர், ஒரே சிறுபராய நிகழ்ச்சியைத் தத்தமக்கே நேர்ந்ததென உரிமை பாராட்டியமை தெரியவந்தது.

எமது ஊர்க் கிடுகுவேலியை எண்ணிப் பாருங்கள். உக்கிய கிடுகைக் களைந்து புதுக்கிடுகு வைத்து அடைக்கின்றோம். கதியாலும் இடையிடையே மாறுகின்றது. ஆயினும் அதனைப் பாட்டனார் இட்ட வேலி என்றே சொல்லுகின்றோம். நினைவும் அத்தகையதே. எமது வேலியில் அண்ணாவின் கிடுகும் பாட்டனாரின் கதியாலும் கலந்திருந்தன.

அவற்றை நீக்கினால் அப்பயணத்தில் எமக்கென எஞ்சுவது யாது? தாயாரின் நூற்சேலை வாசமும், கன்னத்தில் அழுந்திய அதன் கரையுமே. அவை எமக்குப் போதும்.

மாணவச் செல்வங்களே! வீட்டு முதியோரிடம் பழங்கதை கேட்கும்போது, கண்டவர் யார், எந்த ஆண்டு, எவ்விடம் என்பதையும் கேட்டுக் கொப்பியிற் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திச் சொல்ல அவர்கள் என்றும் இருக்கமாட்டார்கள்.

வண்டி ஆனையிறவை அடைந்தது. தூரத்து நீரில் வெண்மையும் இளஞ்சிவப்புமாய்ப் பறவைகள் நின்றன. மகள் கைதட்டி ஆர்ப்பரித்தாள். அவளது தம்பியோ ஆச்சியின் மடியில் அயர்ந்து உறங்கினான். அவனை எழுப்பக் கை நீட்டினோம். தாயார் வேண்டாமென்று தலையசைத்தார்.

"தமக்கை சொல்லுவாள்" என்றார்.

அன்றுமுதல் நாம் அக்கதையை விடவில்லை. தொடக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம். "எங்கள் அண்ணா ஒருமுறை ஆனையிறவிலே பூநாரைகளைக் கண்டார்" என்றே இப்பொழுது தொடங்குகின்றோம்.