நல்ல கருவி ஒரு முதலீடு

2009இல் கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு தனியானேன். அண்ணாவின் கடையில் வாகனங்களுக்குப் பாட்டுச் செற் பூட்டப் பழகினேன். ஆரம்பத்தில் வயரின் தோலைப் பிளேட்டால் சீவுவேன். முனையில் போடும் கிளிப்பைச் சாதாரண குறட்டால் நசுக்குவேன்.

ஒருநாள் நான் பூட்டிய வான் திரும்பி வந்தது. அம்பிளிபயருக்குப் போகும் வயரில் பாதிச் செம்பு இழைகள் அறுந்து, மிச்சம் சூடேறிக் கருகியிருந்தது. "தங்கச்சி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுற வான் இது" என்றார் சாரதி. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சீட்டுக் காசு கிடைத்ததும் இரண்டு கருவிகள் வாங்கினேன். தோலுரிக்கும் கருவியில் வயரின் தடிப்புக்கேற்ற துளைகள் இலக்கமிடப்பட்டிருக்க வேண்டும். கிளிப்பை நசுக்கும் கருவி, முழுதாக நசுங்கும்வரை திறக்காத வகையாக இருக்கட்டும். சிவப்புக் கிளிப் 1.5 சதுர மில்லிமீற்றர் வரையான வயருக்கு, நீலம் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. அந்தந்த நிறத்துக்குரிய பள்ளத்தில் வைத்தே நசுக்க வேண்டும். பிறகு இழுத்துப் பாருங்கள். கழன்றால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

அந்தச் சாரதி இப்போது தன் சிநேகிதர்களையும் என்னிடம் அனுப்புகிறார். சகோதரிகளே, எந்தத் தொழில் தொடங்கினாலும் கருவியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.