ஜவ்வாது மலைன்னா அத்தர் கடையா?

சொந்த ஊர் திருப்பத்தூர்னு சொன்னா ரெண்டு பதில்தான் வரும். "ஓ, காரைக்குடி பக்கமா?" இல்லைன்னா "லட்டு வாங்கிட்டு வருவீங்களா?" முதல் ஆளை மன்னிச்சிடலாம், சிவகங்கை மாவட்டத்துலயும் ஒரு திருப்பத்தூர் இருக்கு. ரெண்டாவது ஆளை என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க மக்களே :-)

ஜவ்வாது மலைக்குப் பக்கத்துல இருக்கிற திருப்பத்தூர்னு விளக்கினா இன்னும் மோசம். வாசனைப் பொடி அங்கேர்ந்துதான் வருதான்னு கேட்டார் ஒரு டீம் லீட். இன்னொருத்தர் மேப்பைத் திறந்து ஊட்டிப் பக்கம் தேடினார். மலைன்னாலே மேற்குத் தொடர்ச்சிதான்னு ஒரு நினைப்பு. ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி. அது ஒரே சுவரா ஓடாம துண்டு துண்டா நிக்கிறதாலயோ என்னவோ, யார் மனசுலயும் ஒட்டறதில்லை.

ஆலங்காயம் தாண்டி மேலே ஏறினா காவலூர். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல ராஜீவ் காந்தி திறந்து வெச்சது. வட அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி, அதாவது பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் பக்கம். அதனால தெற்கு வானத்துலயும் பெரும்பகுதி தெரியும். இடத்தைத் தேர்ந்தெடுத்ததுல பூகோளத்துக்கும் பங்கு உண்டு. நம்ம ஆளுங்களுக்கு அந்த ஊரு இருக்கிறதே தெரியாது!

இதெல்லாம் சிரிச்சிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒண்ணு சொல்றேன்.

இந்த மலையில இருக்கிற பழங்குடி மக்களுக்குப் பேரு மலையாளி. மலையில வாழறவங்கன்னு அர்த்தம், பேசறது தமிழ்தான். கேரளாவுக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காலேஜ்ல என்கூட படிச்ச ஒருத்தன் ஜமுனாமரத்தூர்க்காரன். சாதிச் சான்றிதழைப் பார்த்ததுலேர்ந்து ஹாஸ்டலே அவனை "சேட்டா"ன்னுதான் கூப்பிட்டுச்சு. முதல் வருஷம் சிரிச்சான். அப்புறம் திரும்பிப் பார்க்கிறதையே விட்டுட்டான். ஆனா சேட்டான்னு கூப்பிட்டாங்களே தவிர, அவன் கையில சான்றிதழ் இருந்தது. அது கிடைக்கிறதே ஊர் எங்க இருக்குங்கிறதைப் பொறுத்த விஷயம்.

தமிழ்நாட்டுப் பழங்குடிகள் பட்டியல்ல மலையாளிங்கிற பேருக்கு நேரா அடைப்புக்குறிக்குள்ள மாவட்டங்க பேரு இருக்கும்: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி. கோயம்புத்தூர் இல்லை. ஈரோடு 1979-ல கோயம்புத்தூர்லேர்ந்து பிரிஞ்ச மாவட்டம். விளைவு, அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில இருக்கிற மலையாளிகளுக்கு அந்தப் பட்டியல்ல இடமில்லை. அதே பேரு, அவங்களும் மலைவாசிதான், கோடு மட்டும் வேற. எங்களையும் சேருங்கன்னு எத்தனையோ வருஷமா கேட்டுட்டு வந்திருக்காங்க.

எங்க பக்கம் கதை உல்டா. வட ஆற்காடுங்கிற மாவட்டமே 1989-ல ரெண்டாச்சு. 2019-ல வேலூரையும் மூணாப் பிரிச்சாங்க. இப்போ ஜமுனாமரத்தூர் பையன் திருவண்ணாமலை மாவட்டம், காவலூர் பையன் திருப்பத்தூர் மாவட்டம். ரெண்டு பேரோட உரிமையும் மேப்புல இல்லாமப் போன ஒரு மாவட்டத்தோட பேர்லதான் நிக்குது. தாலுகா ஆபீஸ்ல அந்த மனுவை வாங்கறவருக்கு இந்தப் பழைய மேப்பு தெரிஞ்சிருக்கணும். "மலையாளின்னா கேரளாதானே?"ன்னு அவரும் கேட்டுட்டா, மலையிலேர்ந்து பஸ் ஏறி வந்தவன் என்னத்த சொல்லுவான்?