கண்ணுக்காக எந்தப் பஸ் ஏறுவது?

ஓசூர் என்றதும் உங்களில் பலருக்கு ரோஜாப்பூ நினைவுக்கு வரும். சிலருக்குத் தொழிற்சாலைகள் நினைவுக்கு வரும். 1980-ஐ ஒட்டி லாரியும் மொபெட்டும், சில வருஷம் கழித்துக் கைக்கடிகாரமும் செய்ய ஆரம்பித்த ஊர் ஆயிற்றே! ஆனால் இங்கே குடித்தனம் நடத்தும் எங்களுக்கு ஓசூர் என்றால் பஸ் ஸ்டாண்டுதான். கல்யாணப் புடவையானாலும் வைத்தியமானாலும், 'எந்தப் பக்கத்து பஸ்?' என்பதுதான் முதல் கேள்வி. ஒரு பக்கம் பெங்களூர், 40 கிலோமீட்டர். மறு பக்கம் கிருஷ்ணகிரி, 50 கிலோமீட்டர். அதையும் தாண்டினால் சேலம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்.

என் மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது. அரிசியில் கல் தெரியவில்லை, வாசலில் நிற்பவர் யாரென்று குரலை வைத்துத்தான் தெரிகிறது என்ற நிலை வந்தபோது உள்ளூர் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. போதாக்குறைக்கு சர்க்கரை வேறு. "ஆபரேஷன் பண்ணிடலாம். எங்கேன்னு நீங்க முடிவு பண்ணுங்க" என்றார் டாக்டர்.

முதலில் ஏறியது பெங்களூர் பஸ். ஜூஜூவாடியில் தமிழ்நாடு முடிகிறது; அத்திப்பள்ளியில் போர்டெல்லாம் கன்னடம். பளபளவென்று இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்த பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ஹோட்டல் மெனு மாதிரி லென்ஸ்களின் பட்டியல்! கீழே போகப் போக விலை ஏறி, கடைசி வரி லட்சத்தைத் தொட்டது. அதுவும் ஒரு கண்ணுக்கு.

"கண்ணுக்குள்ள வைக்கிறது பிளாஸ்டிக்கா, வைரமா?" என்று கேட்டார் அத்தை. நான் கை வளையல்களைப் பார்த்ததைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. திரும்பும் வழியில், "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? இருக்கிற வரைக்கும் இப்படியே ஓட்டிடறேன்" என்றார். எனக்குத் திக்கென்றது. பட்டியலின் கடைசி வரியைப் பார்த்துவிட்டு முதல் வரியையும் வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்கள் எத்தனை பேரோ!

அன்று ராத்திரியே அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, தெரிந்த கண் டாக்டரிடம் வரி வரியாகக் கேட்டேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

புரை என்பது கண்ணில் இயற்கையாக இருக்கும் லென்ஸ் மங்கிப் போவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதுதான் ஆபரேஷன். விறைப்பான லென்ஸ் என்றால் கீறல் சற்றுப் பெரிது. மடக்கி உள்ளே விடும் லென்ஸ் என்றால் மூன்று மில்லிமீட்டர் அளவே போதும், புண் சீக்கிரம் ஆறும். ஒரே தூரத்துக்கான லென்ஸ் வைத்தால் தூரப் பார்வை தெளிவாக இருக்கும். படிக்க, ஊசி கோக்கக் கண்ணாடி போட வேண்டும். இரண்டு தூரமும் தெரியும் 'மல்டிஃபோகல்' லென்ஸில் கண்ணாடித் தேவை குறையும். ஆனால் ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் அது ஏற்றதும் அல்ல. கருவிழியின் வளைவு கோணலாக இருப்பவர்களுக்கு 'டோரிக்' லென்ஸ்.

"விலை கூடின லென்ஸுன்னா நல்ல ஆபரேஷன்னு அர்த்தமில்லைம்மா. அவங்க நாள் முழுக்க என்ன வேலை செய்யறாங்க, அதைப் பாருங்க" என்றார். அத்தை காரோட்டப் போகிறாரா, கம்ப்யூட்டர் பார்க்கப் போகிறாரா? பூ கட்டுவார், சமைப்பார், சந்திரசூடேசுவரர் மலைப் படி ஏறுவார். படி தெரிந்தால் போதும். கல் பொறுக்க ஒரு கண்ணாடி இருந்துவிட்டுப் போகட்டுமே!

அடுத்த வாரம் கிருஷ்ணகிரி பஸ். சூளகிரி மலையைத் தாண்டினால் மாந்தோப்புகள் தொடங்கிவிடும். 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அரசு ஆஸ்பத்திரிகளில் புரை ஆபரேஷனும் லென்ஸும் இலவசம். கூட்டம் உண்டு, காத்திருக்கவும் வேண்டும். பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, "புரை நல்லா பழுக்கட்டும்னு ரெண்டு வருசம் விட்டுட்டேன்" என்றார். அந்தக் காலத்துப் பேச்சு அது. மாங்காய் பழுக்கக் காத்திருக்கலாம். புரை பழுக்கக் காத்திருக்கக் கூடாது. முற்றினால் லென்ஸ் கெட்டியாகி ஆபரேஷன் கடினமாகும். கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வைக்கே ஆபத்தும் வரலாம்.

இந்த மலிவு நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். ஆனாலும் நம் ஊரில் வெகுகாலம் புரை எடுத்தவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலை. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை ஏற்படுத்தி, லென்ஸை மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தது. விலை பல மடங்கு இறங்கியது. அந்த லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. சேலத்திலும் அரவிந்துக்குக் கிளை உண்டு. நம் பக்கத்து ஜனங்கள் பலர் அங்கே போகிறார்கள்.

நாங்கள் கிருஷ்ணகிரியிலேயே முடித்துக்கொண்டோம். மறுநாள், மறுவாரம், மறுமாதம் என்று காட்டப் போக வேண்டுமே. பஸ் செலவு, கூடப் போகிறவரின் ஒரு நாள் சம்பளம் இவையும் ஆபரேஷன் செலவுதானே! முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள், கண்ணை அளந்து லென்ஸின் பவரைக் கணக்கிட்டார்கள். ஆபரேஷன் அரை மணிக்குள் முடிந்தது. வளையல் கையிலேயே இருக்கிறது.

சகோதரிகளே, நீங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதையெல்லாம் கேளுங்கள்: சொல்கிற தொகையில் லென்ஸ், சொட்டு மருந்து, மறுபரிசோதனை எல்லாம் அடங்குமா? விழித்திரையைப் பார்த்தாச்சா? விலை குறைந்த லென்ஸ் வைத்தால் இந்தக் கண்ணுக்கு என்ன குறையும்? வீட்டுக்காரர் கம்பெனியில் இ.எஸ்.ஐ. இருந்தால் அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. தனியார் இன்ஷூரன்ஸ் என்றால், புரைக்கு எத்தனை ரூபாய் வரை தருவார்கள் என்று முதலிலேயே விசாரியுங்கள். வைத்த லென்ஸின் பெயரும் பவரும் அச்சடித்த ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக்கு வந்தபின் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள்; டாக்டர் சொல்லும்வரை கண்ணில் தண்ணீர் படவும் கூடாது, கசக்கவும் கூடாது.

இன்னும் ஒன்று. நம் வீடுகளில் பெண்களின் கண் கடைசியில்தான் வரிசைக்கு வரும். "எனக்கு எதுக்கு" என்று உங்கள் அம்மாவோ மாமியாரோ சொன்னால், அது கண் நன்றாயிருக்கிறது என்று அர்த்தமில்லை. செலவை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்றுதான் அர்த்தம். அத்தைக்கு அடுத்த மாதம் இரண்டாவது கண். இந்தத் தடவை தேதியைக் கேட்டு வாங்கியது அவரேதான்.